தென்னேரிக்கு மேல் நாம் பார்த்தது

பஸ்ஸில் எப்போதும் எனக்கு ஜன்னலோரம் விட்டுக்கொடுத்த என் எஸ்தர் அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை நாள் உனக்கு எழுதத் தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். தோன்றியது, கைதான் வரவில்லை. போன மாதத்திலிருந்து எனக்கு இருப்பே கொள்ளவில்லை அக்கா. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுகிறேன். மாடிக்கு ஏறி வானத்தைப் பார்க்கிறேன், இறங்குகிறேன், மறுபடியும் ஏறுகிறேன். "இன்னாதான் தேடற?" என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். என்னவென்று சொல்வது?

நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கப்போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்லவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நீயும் நானும் ஒரே எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தோம். நான் திருகு போடும் வரிசையில், நீ இன்ஸ்பெக்‌ஷனில். விளக்கு வைத்த பூதக்கண்ணாடிக்குக் கீழே போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மற்றவர்கள் விட்ட மயிரிழை விரிசலை நீ பிடித்துவிடுவாய். "எஸ்தர் கண்ணுக்குத் தப்பாது" என்று சூப்பர்வைசரே சொல்வார்.

நாலு வருஷத்துக்கு முந்தி ஒருநாள் நைட் ஷிப்ட் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஐப்பசி மழை விட்ட மறுநாள். விடிந்திருந்தது, வெயில் இன்னும் வரவில்லை. தென்னேரி ஏரிக்கரை ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு டிரைவர் டீக்கடைக்குள் போனார். உள்ளே எல்லோரும் தலை தொங்கத் தூங்கினார்கள். நாம் இரண்டு பேர் மட்டும் கை கால் நீட்ட இறங்கிக் கரையில் நின்றோம். போன்கள் பஸ்ஸிலிருந்த பைக்குள்.

எதிர்க்கரைப் பனைமரங்களுக்கு மேலே அது நின்றது. எங்கள் வீட்டுத் தறியில் ஊடை நூலை இழுத்துக்கொண்டு குறுக்கே ஓடும் நாடாக் கட்டையைப் போல இரண்டு முனையும் கூராக, நடுவில் தடிப்பாக, சாம்பல் நிறத்தில். சத்தமே இல்லை. காற்றில் பனையோலைகள் ஆடின, அது ஆடவில்லை. நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"சுகுணா, நீயும் பாக்கறியா?"

"ம்" என்றேன்.

டிரைவர் ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம் இருந்திருக்கும். அப்புறம் அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது, மெலிந்தது, பிறகு அங்கே வெறும் வானம்தான் இருந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். ஏறிக்கொண்டோம்.

நீ அன்று ராத்திரியே கேன்டீனில் சொன்னாய். சிரித்தார்கள். இரண்டு நாள் கழித்து என்னிடம், "நான் சொன்னா சிரிப்பாங்க சுகுணா. நீயும் சொன்னாதான் காது குடுத்துக் கேப்பாங்க" என்றாய். ஏன் என்று நீ சொல்லவில்லை. உன் தெரு எது, என் தெரு எது என்று தெரிந்தவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. பார்க்கலாம் என்றேன்.

அதற்குள் ஊர்ச் செய்தி போடும் சேனல்காரர் ஒருவர் உன் வீட்டு வாசலில் நின்று பேட்டி எடுத்துவிட்டார். என்கூட சுகுணாவும் பார்த்தாள் என்று நீ சொல்ல, அவர் நேராகப் பிள்ளையார்பாளையத்துக்கு எங்கள் வீட்டுக்கே வந்தார். எனக்கு நிச்சயமாகி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அம்மா வாசற்படியைத் தாண்ட விடவில்லை.

"கல்யாணம் ஆவப்போற பொண்ணுபா. அவளப் போயி இதுல இழுக்காதீங்க. அவ பஸ்ஸுல தூங்கிக்கினு இருந்தா."

"அப்படியாம்மா?" என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஆமாங்க. தூங்கிட்டேன்."

அம்மா பொய் சொல்லவில்லை அக்கா. நைட் ஷிப்ட் முடிந்தால் நான் பஸ்ஸில் தூங்குவேன் என்பதுதான் அவளுக்குத் தெரியும், பார்த்ததைப் பற்றி நான் வீட்டில் வாயே திறக்கவில்லை. பொய் சொன்னது நான்.

உன் பேட்டியோடு என் மறுப்பையும் ஒட்டி வெளியிட்டார்கள். கேன்டீனில் உனக்கு 'ஏலியன் எஸ்தர்' என்று பெயர் விழுந்தது. நீ தட்டோடு வந்தால் யாராவது வாயால் விசில் சத்தம் போட்டுக் கையை மேலே பறக்கவிடுவார்கள். அடுத்த வாரம் சூப்பர்வைசர் உன்னைப் பேக்கிங்குக்கு மாற்றினார். "இல்லாதது கண்ணுக்குத் தெரியறவங்கள இன்ஸ்பெக்‌ஷன்ல எப்படிம்மா வெக்கறது?" என்று எல்லோர் எதிரிலும் கேட்டார். உன் ஸ்டூலில் என்னை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன்.

அன்றைக்கும் பஸ்ஸில் என் பக்கத்தில்தான் வந்து உட்கார்ந்தாய். வாலாஜாபாத் தாண்டியது. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "அன்னிக்கு நல்லா தூங்குனியா?" அதற்கப்புறம் அந்தப் பேச்சை நீ எடுக்கவே இல்லை. திட்டியிருக்கலாமே அக்கா, ஏன் திட்டவில்லை?

வேறு உலகத்து ஆட்கள் வந்தார்கள் என்று நீ எப்போதாவது சொன்னாயா? கிடையாது. "இருக்குமான்னு அந்த சேனல் ஆளு கேட்டாரு, இருக்கலாம்னேன். அது ஒரு குத்தமா?" என்று பேக்கிங் பெண்களிடம் நீ கேட்டதை நான் தள்ளி நின்று கேட்டேன். இதெல்லாம் வேதத்தில் இருக்கிறதா என்று உன் சபையில் யாரோ கேட்டபோது, "இம்மாம் பெரிய வானத்த செஞ்ச கர்த்தரு, வாலாஜாபாத்துல மட்டுமா ஆள வெச்சிருப்பாரு?" என்றாயாம். அதற்கும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்வி இன்றைக்கும் எனக்குள் குடைந்துகொண்டே இருக்கிறது.

அப்புறம், போன வருஷம் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தே நாள். பூமாலை வாங்கிக்கொண்டு வந்தேன், உன் முகத்தைப் பார்த்தேன், மாலையை உன் மேல் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

இப்போது போன மாதத்துக் கதை. சின்ன காஞ்சிபுரத்தில் என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தேன். பொழுது சாய்ந்த நேரம், தெருவே வெளியே நின்று மேலே பார்த்தது. வானத்தில் வரிசையாக விளக்குகள், ரயில் போவது மாதிரி ஒன்றன்பின் ஒன்று. எல்லோர் கையிலும் போன். "சாட்டிலைட்டுபா, ஒரே கொத்தா வுடறாங்க" என்று ஒருவர் விளக்கினார். சரி என்று கேட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். பார்த்தேன் என்று சொன்னதற்காக யாருக்கும் பெயர் வைக்கவில்லை. நான் தெருவில் நின்றுகொண்டே இருந்தேன். அதுதான் இதுவா? இல்லை, அது ஓடவில்லை, நின்றது. நின்றதா? தூங்கினேன் தூங்கினேன் என்று நாலு வருஷம் சொல்லிச் சொல்லி, நிஜமாகவே தூங்கித்தான் இருந்தேனோ என்று எனக்கே சில நாள் சந்தேகம் வந்துவிட்டதே.

பத்து நாள் கழித்து ஒரு பள்ளி மைதானத்தில் தொலைநோக்கி வைத்து நிலாவைக் காட்டினார்கள். காட்டியவர் கல்லூரியில் இயற்பியல் நடத்தும் ஒரு மேடம். கூட்டம் கரையும்வரை காத்திருந்து அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்தார்.

"கைய நீட்டிப் புடிச்சா எத்தனை விரல் அகலம் இருந்துது?"

"ரெண்டு விரல்."

"எவ்ளோ தூரத்துல?"

"தெரியல மேடம்."

"தெரியலன்னே சொல்லுங்க, அதுதான் சரி. தூரம் தெரியாம அளவு சொல்ல முடியாது." ஆராய்ச்சிக்கு விடும் பலூனாக இருக்கலாம் என்றார். குளிர்ந்த தண்ணீருக்கு மேலே ஒளி வளைந்து, எங்கோ இருப்பது வேறு உருவத்தில் தெரிந்திருக்கலாம் என்றார்.

"அப்போ வேற உலகத்து ஆளுங்க கிடையாதா?"

"எங்கயாவது இருக்கலாம்மா. இத்தனை நட்சத்திரம் இருக்குதே. ஆனா அவங்கதான் தென்னேரிக்கு வந்தாங்கன்னு சொல்ல இது பத்தாது. நீங்க பாத்தது இன்னான்னு எனக்குத் தெரியல. தெரியாததுக்குப் பேரு வெக்க எனக்கு அவசரமும் இல்ல." பிறகு நிமிர்ந்து, "தனியாவா பாத்தீங்க?" என்று கேட்டார்.

"ரெண்டு பேர்" என்றேன். முதல் தடவையாக.

"அப்போ அவங்களையும் வரச்சொல்லுங்க. நீங்க என்கிட்ட சொன்னத அவங்ககிட்ட சொல்லிடாதீங்க. தனித்தனியா சொல்லி ஒத்துப்போச்சுன்னா அதுக்கு மதிப்பே வேற."

உன்னை எங்கே போய்க் கூப்பிடுவேன் அக்கா?

அன்று வீட்டுக்கு வந்ததும் உன் பேட்டியைத் தேடி எடுத்தேன். அதுவரை நான் அதைப் பார்த்ததே இல்லை. என் குரல் வரும் என்று பயம். நீ நீலப் புடவையில் வாசலில் நிற்கிறாய். எவ்வளவு பெரிசு என்று அவர் கேட்கிறார். நீ கையை நேராக நீட்டி, இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டி, "இவ்ளோதான் தெரிஞ்சுதுபா, நெசத்துல எவ்ளோ பெரிசோ" என்கிறாய்.

அளவைப் பற்றி நாம் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. அந்த இடத்தையே ஏழெட்டுத் தடவை ஓட்டிப் பார்த்தேன். அது என்னவாக இருந்தது என்பது ஒரு கேள்வி. நாம் பார்த்தோமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு உலகத்தில் யாரிடமும் பதில் இல்லாமல் இருக்கலாம். இரண்டாவதற்கு என்னிடம் இருந்தது. அதைத்தான் விழுங்கிவிட்டேன்.

மேடத்திடம் வீடியோவைக் காட்டினேன். உன் வார்த்தைகளை அப்படியே எழுதிக்கொண்டார். கேன்டீனிலும் சொன்னேன். பழைய ஆட்கள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். சூப்பர்வைசர், "இத்தினி வருசம் கழிச்சு இன்னாத்துக்குமா?" என்றார். உன்னை மாற்றியது தப்பு என்று அவர் சொல்லவில்லை.

போன ஞாயிறு மத்தியானம் திருப்புட்குழிப் பக்கம் உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரர் ஜான்சன் அண்ணன் பெயின்ட் வேலை உடுப்பைத் துவைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குழாயை மூடினார்.

"நீயும் பாத்தேன்னு அவ என்கிட்ட சத்தியம் பண்ணாம்மா. நீ இல்லன்ட்ட. நான் உன்னத்தான் நம்புனேன். என் பொண்டாட்டிய நம்பல." சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டார். "கடைசி வரைக்கும் நம்பல." உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. மன்னிப்புக் கேட்க நினைத்து வந்திருந்தேன். யாரிடம் கேட்பது? கிளம்பினேன்.

தெருமுனை வரை வந்தபோது பின்னால் ஓடிவரும் சத்தம். உன் மகள் ஜெனி. பத்து வயதிலேயே உன் தோள் உயரத்துக்கு வந்துவிட்டாள். கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அது என்ன, யார் வந்தது, விளக்கு எரிந்ததா என்றெல்லாம் கேட்பாள் என்று நினைத்தேன். மூச்சு வாங்க நின்று, வேறொன்று கேட்டாள்.

"ஆன்ட்டி, அப்போ அம்மா பயந்தாங்களா?"

இதைச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை என்று அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது அக்கா.

"இல்லடா கண்ணு. சிரிச்சாங்க. மொதல்ல என் கையப் புடிச்சாங்க, அப்புறம் ரெண்டு கையையும் கன்னத்துல வெச்சுக்கினு, சின்னப் புள்ள மாதிரி சிரிச்சாங்க."

ஜெனி தன் இரண்டு கைகளையும் எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "இப்படியா?"

"இன்னும் கொஞ்சம் மேல" என்றேன்.

இனி அவள் எப்போது கேட்டாலும் சொல்வேன். யார் கேட்டாலும், யார் எதிரில் கேட்டாலும், பார்த்ததைப் பார்த்தபடி சொல்வேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்வேன். ஒன்றைக் கூட்டமாட்டேன், ஒன்றைக் குறைக்கமாட்டேன். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உன்னோடு கரையில் நின்ற தங்கச்சி,
சுகுணா