பாறையில் நழுவிய முடிச்சு

26.4.1998, ஞாயிறு, அமாவாசை

அமாவாசை என்பதால் இன்று தறிக்கு லீவு. கோயிலுக்கு என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு, என் வகுப்புத் தோழி ஜெயந்தியைத் தேவிகாபுரம் மலைக்கு இழுத்துப் போனேன். படி இல்லாத பக்கமாக ஏறலாம் என்றதும் நான்தான்.

பாதியில் ஒரு வழுக்குப் பாறை. நான் ஏறிவிட்டேன், அவளால் முடியவில்லை. அவள் துப்பட்டாவை மேலே எறியச் சொல்லி, என்னுடையதோடு முடிந்து கீழே விட்டேன்.

"முடிச்சு நிக்குமாடி?" என்றாள்.

"தெனமும் தறியில அறுந்த இழைய முடியறவ நானு. பேசாம புடிச்சிகினு வா."

பட்டு இழைக்குப் போடுகிற அதே முடிச்சு. இழையில் ஆள் தொங்குவதில்லை என்று அப்போது தோன்றவில்லை. முடிச்சு நழுவி, அவள் பாறையோடு சறுக்கி விழுந்தாள். மணிக்கட்டு வீங்கிவிட்டது.

சேவூரில் அவள் வீட்டுக்குப் போனதும் அவள் அம்மாவிடம், பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்ததாகச் சொன்னாள்.

"பஸ்ல எறங்கத் தெரியாதவள ஆரணி பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிகினு இருக்கணுமா? ஒன்பதாவது படிச்சது போதும். கை சரியானதும் தறியில ஒக்காரு" என்றார் அவள் அம்மா.

நான் பக்கத்தில்தான் நின்றேன். மலைக்கு இழுத்துப் போனது நான்தான் என்று சொல்லவில்லை. ஜெயந்தி என் பக்கம் திரும்பவும் இல்லை.

உண்மையைச் சொன்னால் அப்பா என் படிப்பையும் நிறுத்திவிடுவார். ஆனாலும் காலையில் அவர் தறியில் உட்காரும் முன் சொல்லிவிடுவேன். அடித்தால் அடிக்கட்டும். அடித்த பிறகு என்னோடு சேவூருக்கு வந்து அவள் அம்மாவிடம் பேசச் சொல்வேன். அவர் வராவிட்டால் நானே போவேன். அவள் இல்லாமல் நான் மட்டும் பத்தாவதில் உட்கார மாட்டேன்.