வெயில் இருந்தும் ஓடாத மிஷின்

ஓடைப்பட்டி
ஆடிக் கடைசி வெள்ளி

அன்பு மகன் ஈஸ்வரபாண்டிக்கு அம்மா எழுதுறது. இங்கன அப்பாவும் நானும் உசுரோட இருக்கோம், அந்த மட்டுக்கும் நல்லா இருக்கோம். அங்கன ஜெர்மனியில நீயும் மருமகளும் பேத்தி சிம்ரனும் நோய்நொடி இல்லாம இருக்க வீரபாண்டி கௌமாரி காவல் நிக்கட்டும். போன் இருக்கையில எதுக்குக் கடுதாசின்னு கேப்ப. போன்ல நான் ரெண்டு வார்த்தை கோவமாப் பேசுனா அம்மா மீட்டிங் இருக்குன்னு வச்சிர்ற. கடுதாசிய அப்படி வைக்க முடியாதுல்ல, கடேசி வரைக்கும் படி.

போன வருசம் நம்ம மொட்டைமாடி பூராம் சோலார் பேனல் மாட்டச் சொன்னியே, அப்ப என்னடா சொன்ன. இனி கரண்டப் பத்தின கவலையே வேணாம்மா, அப்பாவோட ஆக்சிஜன் மிஷின் நிக்காம ஓடும்னு சொன்ன. திராட்சைக்கு மருந்தடிச்சு மருந்தடிச்சே நெஞ்சக் கெடுத்துக்கிட்ட மனுசன், அவுகளுக்கு அந்த மிஷின் தானே மூச்சு. நானும் மகன் செஞ்சுட்டான்னு தெருவெல்லாம் பெருமையடிச்சேன். அடுத்த வீட்டு ஜெபராணி டீச்சரோட முருங்கைமரம் பேனலுக்கு நெழல் கட்டுது, வெட்டச் சொல்லுங்கன்னு அங்கன இருந்துக்கிட்டே ஒத்தக்கால்ல நின்ன. நான்தான் போய்க் கேட்டேன். டீச்சர் மூஞ்சி சுண்டிப்போச்சு, ஆனாலும் மறுபேச்சு இல்லாம வெட்டிட்டாக. அதோட எனக்கும் அவுகளுக்கும் பேச்சும் அத்துப்போச்சு.

இந்த வருசம் ஆடிக்காத்து பேய்க்காத்து. கல்லுக்கால் நட்ட திராட்சைப் பந்தலே சாஞ்சு கெடக்கு, கரண்டுக் கம்பம் எம்மாத்திரம். விடியக்காலம் வரிசையா விழுந்துருச்சு. நான் பதறவே இல்ல. அவசரத்துக்கு வச்சிருந்த சின்ன சிலிண்டர அப்பாவுக்கு மாட்டிவிட்டு, வெயில் ஏறட்டும், நம்ம கரண்டு நம்ம மாடியில இருக்குன்னு தைரியம் சொன்னேன். வெயிலும் ஏறுச்சு, மண்டையப் பொளக்குற வெயிலு. மிஷின் சுவிட்சப் போடுறேன், ஒரு சத்தம் இல்ல. பேனல் மாட்டுன அல்லிநகரத்து அஜய்குமாருக்குப் போனப் போட்டா, இது லைனோட சேந்து ஓடுற சோலாரும்மா, லைன்ல கரண்டு போனா இதுவும் நின்னுரும், இல்லன்னா கம்பத்துல ஏறி வேலை பாக்குற ஆளுக்கு ஷாக் அடிச்சிரும்லங்கிறான். பேட்டரி வச்சா நிக்காது, ஆனா உங்க மகன் வேணாம்னுட்டாரே, உங்ககிட்ட சொல்லலையாங்கிறான். தெரிஞ்சே வேணாம்னிருக்க. அதக்கூட விடு, வேணாம்னத எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? சொல்லியிருந்தா பெரிய சிலிண்டர் ஒண்ணாவது வாங்கி வச்சிருப்பேன்ல.

சிலிண்டர் தீரப் போகுது, ரோட்டுல புளியமரம் விழுந்து ஆம்புலன்ஸ் வர முடியல. அப்பா ஒதடு நீலம் பாரிச்சிருச்சு. நான் வாசல்ல நின்னு கத்துனதக் கேட்டு ஜெபராணி டீச்சர்தான் ஓடி வந்தாக. எங்க வீட்டு பேட்டரி நேத்து வெயில்ல நெறஞ்சு கெடக்கு, அண்ணனத் தூக்கிட்டு வாங்கன்னாக. அவுக வீட்டுலயும் சோலார்தான், சின்னது, ஆனா பேட்டரியோட வச்சிருக்காக. தோட்டத்துல வேலை செய்ற சங்கிலியும் அவன் கூட்டாளியும் அப்பாவ பிளாஸ்டிக் சேரோட தூக்க, நான் மிஷினச் சொமந்துக்கிட்டு, முருங்கை வெட்டுன அடிக்கட்டைய ஒட்டித்தான் போனோம். மிஷின் ஓட ஆரம்பிச்சு அப்பா கண்ண முழிக்கிற நேரம் உன் மெசேஜ் வருது. அம்மா, காலையிலருந்து சோலார் ஆப்ல கரண்டு ஜீரோ காட்டுது, பேனல்ல தூசியா இருக்கும், தண்ணி ஊத்தித் தொடைங்கன்னு. ஏலே, ஜீரோ காட்டுதுன்னா அப்பா மிஷின் ஓடுதான்னு கேக்கத் தோணல, உனக்குத் தூசியா தெரிஞ்சுது? அந்தப் போனப் பாத்தே உன்ன வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லித் திட்டுனேன், டீச்சர் அடுப்படிப் பக்கம் போயிட்டாக.

லைன் சரியாகுற வரைக்கும் அப்பா அவுக வீட்டுலதான் இருந்தாக. அந்தம்மா கஞ்சி வச்சுக் குடுத்துச்சு, மரத்தப் பத்தி ஒரு சொல்லுச் சொல்லல, சொல்லியிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் அஜய்குமார வரச் சொல்லி, சோலார் இன்வர்ட்டர் பெட்டிய மாத்தி பேட்டரி வையின்னேன். சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்னு போன எடுத்தான். போனப் பிடுங்கி வச்சேன், இந்த வீட்டுல குடியிருக்கிறவ நான், எங்கிட்டக் கேளுன்னேன். வச்சாச்சு. முந்தாநாள் மத்தியானம் திரும்பக் காத்துல கரண்டு போச்சு, மிஷின் நிக்கல. அப்பா பேப்பர்லருந்து தலையக்கூடத் தூக்கல. நான் மட்டும் பக்கத்துல உக்காந்து அது மூச்சு விடுற சத்தத்தக் கேட்டுக்கிட்டே இருந்தேன்.

பயலத் திட்டி எழுதாதன்னு அப்பா சொன்னாக, அதுக்கும் சேத்துத்தான் திட்டியிருக்கேன். நல்லா இரு, நேரத்துக்குச் சாப்பிடு, பேத்திக்குக் குளுருக்குக் காதக் கட்டிவிடு. ஜெபராணி டீச்சருக்கு நீயே போன் போட்டுப் பேசு, மெசேஜ் அனுப்பாத, என்ன பேசணும்னு நான் சொல்லித் தர மாட்டேன். ஞாயித்துக்கிழமை அப்பாவுக்கும் போடு. நாலு வார்த்தை பேசுனா அவுகளுக்கு இப்ப மூச்சு எளைக்குது. நீ பேசு, அவுக கேட்டுக்கிட்டு இருப்பாக.

கோவம் இன்னும் ஆறாத,
உன் அம்மா
மூக்கம்மாள்