போட்டிக் கம்பெனி காரில் என் துளை

ஜூன் 9, திங்கள்

காலை எட்டுக்கே வெயில் கொளுத்துகிறது. ஷெட்டில் இரண்டு பெரிய ஃபேன். இரண்டும் சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கின்றன.

போட்டிக் கம்பெனியின் புதுச் சின்னக் கார் வந்துவிட்டது. சிவப்பு. ஷோரூமில் சாதாரண ஆள் மாதிரி வாங்கி வந்திருக்கிறார்கள். இந்த வாரம் முழுக்க அதைக் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் எடை போட்டு, அட்டை கட்டி, மேசையில் பரப்ப வேண்டும். அவர்கள் எங்கே மிச்சம் பிடித்தார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் பிழைப்பு.

இன்று கழன்றவை: கதவு 4, பம்பர் 2, பானெட், விளக்குகள், சீட் எல்லாம்.

கதவு சாத்தும் சத்தம் மோசம். தகர டப்பா. ரிப்போர்ட்டிலும் அப்படியே எழுதினேன். முனிரத்தினம் எட்டிப் பார்த்தான். மூன்று வருடமாக ஒரே ரூம், ஒரே மேசை வரிசை. இனி மு. போதும், முழுப் பெயர் எழுத நேரமில்லை.

“கொஞ்சம் மரியாதையா எழுதேண்டா. நாளிக்கி நம்ம வண்டிய அவுங்க கழட்டுவாங்கோ.”

“நம்ம கதவு இப்பிடி கத்தாது.”

நம் கார் ரோட்டுக்கு வர இன்னும் எட்டு மாதம். சோப்பு வாங்க வேண்டும். நைனாவுக்கு ஃபோன்.

ஜூன் 10, செவ்வாய்

எழுத்து கோணல்.

கார்பெட்டை உரித்தோம். டிரைவர் சீட் இருந்த இடத்தில், தரைத் தகட்டில், ஒரு ரப்பர் மூடி. பிடுங்கினேன். துளை. பன்னிரண்டு மி.மீ.

அது என் துளை.

எழுதி வைக்கிறேன், நாளை எனக்கே நம்பிக்கை வராது. மூன்று வருடம் முன்பு நம் புதுக் காரின் தரைத் தகட்டை வரைந்தபோது சீட் போல்ட்டை நாற்பது மி.மீ. பின்னால் தள்ளினேன். பழைய துளையை அழிக்க மறந்தேன். அச்சு வெட்டிய பிறகுதான் தெரிந்தது. அச்சைத் திருத்தினால் வேலை தள்ளிப் போகும் என்று ரப்பர் மூடி போட்டு அடைத்துவிட்டார்கள். எதற்கும் உதவாத துளை. யோசித்து யாரும் அங்கே வைக்க மாட்டார்கள்.

அதே இடம். அதே மூடி. நான்கு முறை அளந்தேன்.

நம் கார் இன்னும் வெளியே வரவில்லை. பார்த்துக் காப்பியடிக்க வழியில்லை. யாரோ படத்தைக் கொடுத்திருக்க வேண்டும். இந்த ஊரில் அந்தப் படத்தைத் திறக்க முடிந்தவர்கள் இரண்டு பேர். நான், மு.

ஏப்ரலில் மு. அதே கம்பெனிக்கு இன்டர்வியூ போனான். என்னிடம் மட்டும் சொன்னான். “யாராண்டயும் சொல்லாத” என்றான்.

மூன்று மணிக்கு மேனேஜர் பத்மாவதி மேடம் அறை. துளையைச் சொன்னேன். இன்டர்வியூவையும் சொன்னேன். அதை யாரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

மேடம் பேனாவை மூடி, என்ன ஆதாரம் என்று தெலுங்கில் கேட்டார். “ப்ரூஃப் ஏமுந்தி, தாமு?”

“அளவு இருக்கு மேடம்.”

ஒரு நாள் பொறுத்திருக்கலாமோ. எதற்கு? அளவு நாளைக்கு மாறிவிடுமா?

ஜூன் 11, புதன்

மு.வின் லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் வாங்கிவிட்டார்கள். விசாரணை முடியும்வரை வரக் கூடாது. கேட்டில் செக்யூரிட்டி அவன் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தார். எலுமிச்சை சாதம். காலையில் நான் கிளறியது.

மாலை, திருப்பதியில் எங்கள் ரூம். பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான். ஊருக்குப் போகிறானாம்.

“நீயும் நம்புறியாடா?”

“ஹோல் அங்க கீது. நான் இன்னா பண்ண?”

“நான் குடுக்கல.”

“அப்ப அது தானா நடந்து போச்சா?”

சட்டையை மடித்தான். பிரித்தான். மறுபடி மடித்தான்.

“காணிப்பாக்கம் வா. குளத்துல முழுகிட்டு சாமி முன்னாடி சத்தியம் பண்றேன். எங்க ஊர்ல ஆடு காணாம பூட்டாலும் அங்கதான் தீத்துக்குவோம். பொய் சொல்றவன் படி ஏற மாட்டான்.”

“சத்தியத்த எந்த கேஜ் வெச்சி அளக்கறது?”

நல்ல பதில் என்று நினைத்தேன். அவன் ஜிப்பை இழுத்து மூடினான். “நீ இன்ஜினியருடா. கரெக்டு.” செருப்பு மாட்டிக்கொண்டு போய்விட்டான். குக்கரில் இரண்டு பேருக்கு அரிசி வைத்திருந்தேன்.

ஜூன் 13, வெள்ளி

மு.விடமிருந்து மெசேஜ். “காணிப்பாக்கத்துல பண்ணிட்டேன்.” அவ்வளவுதான். தனியாகப் போயிருக்கிறான். பதில் போடவில்லை.

இன்ஜினை இறக்கினோம். முன்பக்கச் சட்டம், சஸ்பென்ஷன் மாட்டும் இடங்கள், சக்கரத்துக்குச் சக்கரம் தூரம், எல்லாம் நம்முடையதே. தகட்டின் அடியில் சப்ளையர் முத்திரைகூட நம் சப்ளையருடையது. சப்ளையர் பட்டியலையும் சேர்த்துக் கொடுத்திருப்பான். எல்லாவற்றையும் விற்றுவிட்டான் என்று கோபம்தான் ஏறியது.

கேன்டீனில், எனக்குப் பின்னால் வரிசையில் இருவர்:

“கூடவே படுத்துக்கினு இருந்தவனுக்குத் தெரியாதாமா?”

“தெரிஞ்சிதான் போட்டுக் குடுத்துக்கிறான்.”

சாம்பார் வாங்காமல் வந்துவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

மேடம் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். மேசையில் டீ ஆடை கட்டிக் கிடந்தது.

“தாமு, அதி தொங்கதனம் காது.”

திருட்டு இல்லையாம். எனக்குப் புரியவில்லை என்று நினைத்துத் தமிழிலும் சொன்னார். “ஹெட் ஆபீஸ்லேந்து பேசினாங்க. ரெண்டு கம்பெனியும் முன்னாடியே கையெழுத்து போட்டிருக்கு. ரெண்டு சின்னக் காருக்கும் ஒரே அடித்தளம். மேல்கூடு அவங்கவங்களுது. நம்ம தரைய நாமளே குடுத்திருக்கோம். அவங்க வேகமா முடிச்சி முதல்ல விட்டுட்டாங்க.”

“உங்களுக்குத் தெரியாதா மேடம்?”

“எனக்கே இன்னைக்குத்தான்.”

நாற்காலியில் உட்காராமலே மனதில் பட்டியல் போட்டேன்.

இரண்டுக்கும் பொது: தரை, முன் சட்டம், சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பிரேக், ஏ.சி. குழாய், என் துளை.
தனித்தனி: வெளித்தகடு, விளக்கு, சீட் துணி, டேஷ்போர்டு, பெயர்.

கணக்குப் புரிகிறது. சின்னக் காரில் மிஞ்சுவது கொஞ்சம். ஆளுக்கொரு தளம் செய்து கட்டுப்படியாகாது. என்னைக் கேட்டிருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன். ஐந்து நாளாகப் பாதி நம் காரைப் பிரித்துப் போட்டுக் குறை எழுதிக்கொண்டிருந்தோம். அது சிரிப்பு. மு. சிரிப்பில்லை.

அடுத்த மாதம்தான் அறிவிப்பு. அதுவரை வாய் திறக்கக் கூடாது என்று ஒரு தாள்.

“முனிரத்தினத்துக்கு?”

“அதனிக்கி கூடா செப்பொத்து.” அவனுக்கும் சொல்லக் கூடாது. அறிவித்த பிறகு திரும்ப எடுத்துக்கொள்வார்களாம்.

கையெழுத்துப் போட்டேன். பேனா மேடத்துடையது. மறந்து எடுத்து வந்துவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

லீவு. வயிற்றுவலி என்று மெசேஜ். திருப்பதி–சித்தூர் பஸ், முழுக்க மொட்டைத் தலைகள், நின்றுகொண்டே போனேன். சித்தூரில் மாறி கங்காதர நெல்லூர். அங்கிருந்து மு.வின் ஊருக்குள் போகும் பஸ்.

டீக்கடையில் வழி கேட்டேன். கடைக்காரர் கிளாஸ் கழுவிக்கொண்டே, “கம்பெனில எத்துக்கினு வந்தானே, அந்தப் பையனா? நேராப் போ” என்றார். திருடன் என்று திட்டவில்லை. அடையாளம் சொன்னார், அவ்வளவுதான்.

மு.வின் அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். “இன்னா தாமு, வெயில்ல நடந்தேவா வந்த? களி கிண்டிக்கினு கீறேன், கோழிக் கொழம்பு. துன்னுட்டுத்தான் போவணும்.”

மு. வீட்டுக்குப் பின்னால் பம்ப்செட் மோட்டார் ஸ்டார்ட்டரைப் பிரித்து வைத்திருந்தான். நிற்காமல் முழுவதும் சொன்னேன். கையெழுத்துப் போட்ட மறுநாளே மீறிவிட்டேன் என்பதையும். அவன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான்.

“அப்ப நம்ம தரைதானா அது?”

“ஆமா.”

“உன் ஓட்டையோடவா குடுத்தாங்கோ?”

“மூடியோட.”

சிரித்தான். நானும் சிரித்தேன். ஒரு வாரத்துக்குப் பிறகு.

“ஊர்ல சொல்லிக்கலாமா?”

“இப்ப கூடாது. அடுத்த மாசம்.”

“அதுவரிக்கும் நான் திருடன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டான், சிரித்ததாலா தெரியவில்லை. “ஒண்ணு மட்டும் புரியலடா. நான் இன்டர்வியூ போனது மேடத்துக்கு எப்பிடித் தெரியும்? மூஞ்சிக்கு நேரா கேட்டாங்கோ. அந்தக் கம்பெனிக்காரன் எவனாச்சும் சொல்லியிருப்பானா?”

ஆமாம் என்றால் போதும். அவனே வழி விட்டான்.

“நான்தான் சொன்னேன்.”

ஸ்க்ரூடிரைவரை மறுபடி எடுத்தான். திட்டுவான், அடிப்பான் என்று நின்றேன். வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான்.

“எம்மா, தாமுக்கு சோறு போடாத. அவனுக்கு பஸ்சுக்கு நேரமாச்சி.”

அடுத்த பஸ் ஐந்தரைக்கு. அப்போது மணி இரண்டு.