வாரத்துக்கு ஒரு மாத்திரை

அன்பு மகள் பூரணிக்கு, டயகம தோட்டத்திலிருந்து அப்பா எழுதிக்கொள்வது. இருவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. நீயாவது அந்தக் கட்டார் நாட்டு வெயிலில் உடம்பு கெடாமல் இருக்க மாரியம்மன் துணையிருக்கட்டும். போனில் பேசும்போது அம்மா பக்கத்தை விட்டு நகரமாட்டாள், அவளை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். லீவு முடிந்து அங்கே திரும்புகிற திலக்ஷன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

பீலியடியில் தண்ணீர் பிடிக்கப் போய் வழுக்கி விழுந்து அம்மாவின் மணிக்கட்டு முறிந்தது உனக்குத் தெரியும். அப்போது எடுத்த ஸ்கேனில் எலும்பெல்லாம் மெலிந்துவிட்டது என்று வாரத்துக்கு ஒன்றாக விழுங்க மாத்திரை கொடுத்தார்கள். கொடுத்தவர் சிங்களத்தில் வேகமாகச் சொன்னாராம், இவளும் திருப்பிக் கேட்க வெட்கப்பட்டுத் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாள். விடியற்காலைக் குளிரில் பச்சைத் தண்ணீர் இறங்காது என்று பிளேன்டீயோடு விழுங்கிவிட்டு மறுபடி கம்பளியைப் போர்த்திப் படுத்துக்கொள்வாள். சில வாரம் போனதும் நெஞ்சு எரிகிறது என்றாள், கேஸ்ட்ரிக் என்றுதான் நினைத்தோம். பிறகு சோறு இறங்கவில்லை, கஞ்சி குடித்தாள், ஒரு நாள் வாந்தியில் இரத்தம் கலந்து வந்தது. உடனே ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கியிருக்கிறது என்றார். வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் பச்சைத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் நிமிர்ந்து இருக்க வேண்டுமாம். மாத்திரையை நிறுத்திவிட்டார், புண்ணும் ஆறிவிட்டது.

அதற்குப் பிறகுதான் பாடு. பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் வீரம்மா வந்து, அந்த மருந்து போட்டா தாடையே அழுகிப் போயிருமாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அதே வாரம் நீயும் எதையோ படித்துவிட்டு, தொடை எலும்பு தானா முறியுமாம், இனிமே எந்த மருந்தும் வேணாம்மா என்று போனில் அழுதாய். உன்னைக் குறை சொல்லவில்லை மகள், பயத்தில் சொன்னாய். ஆனால் அம்மாவுக்கு உன் பேச்சுக்கு மேல் பேச்சு கிடையாது, கிளினிக்குக்கே வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். போன மாதம் சோற்றுப் பானையை இறக்கும்போது முதுகில் சுரீரென்று பிடித்து அப்படியே சரிந்துவிட்டாள். படம் எடுத்துப் பார்த்தால் முதுகெலும்பில் ஒன்று நசுங்கியிருக்கிறது. இதைத்தான் உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டாள், நான் கொடுக்கவில்லை. இப்போது குளிப்பாட்டுவது, தலை சீவுவது, சமையல் எல்லாம் நான்தான். அலுத்துப் போகிறது மகள், மழையும் விட்டபாடில்லை.

டாக்டரிடம் எல்லாம் கேட்டேன். தாடைக் கோளாறும் தொடை முறிவதும் பொய்யில்லையாம், ஆனால் அபூர்வமாம், மருந்தில்லாம விட்டா இந்த அம்மாவுக்கு அதைவிட ஆபத்துங்க என்றார். வருடத்துக்கு ஒரு முறை சேலைன் மாதிரி ஏற்றுகிற மருந்து இருக்கிறதாம், அதனால் தொண்டைக்குத் தொல்லை இல்லை. இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் உடம்புவலியும் வரலாம். அதற்கு முன் சிறுநீரகம் சரியா என்று இரத்தம் பார்க்க வேண்டும், ஆடுகிற பல்லைப் பிடுங்கிப் புண் ஆறவிட வேண்டும். பிறகு தொடையிலோ கவட்டிலோ வலி வந்தால் உடனே சொல்ல வேண்டும். இரத்தம் சரியாக இருக்கிறது, பல்லையும் வீரம்மாவே கூட்டிப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தாள், வாயும் ஆறிவிட்டது.

நேற்று அம்மாவே பேச்சை எடுத்தாள். காய்ச்சலுக்கு எனக்குப் பயமில்லங்க, பாப்பா வேணாம்னு சொன்னதை மீறிப் போட்டு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா அவ அங்க தனியா கெடந்து அழுவாளே என்றாள்.

வருகிற மாதம் கிளினிக்கில் அந்த மருந்தை ஏற்றலாம் என்றிருக்கிறார்கள். உனக்குச் சந்தேகம் இருந்தால் என்னிடம் கேள், டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன். மனது சமாதானமானால் நீயே அம்மாவுக்குப் போன் எடுத்து, போயிட்டு வாங்கம்மா என்று சொல். உன் வாயால் வர வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, தண்ணீர் நிறையக் குடி. எந்தக் குறையும் உன்னை அண்டாமல் இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம் என்றும் உண்டு. ஒன்றை மறந்துவிடாதே, வீடியோவில் உனக்கு முன்னால் நிமிர்ந்து உட்காருவதற்காக அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். முதலில் படுக்கச் சொல், பிறகு பேசு.

உன் அப்பா,
சின்னராசா