ஆறிய இன்ஜின்

திங்கட்கிழமை, கடையிலிருந்து

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நாங்கள் சுகம். உன் சுகத்தைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ சிரித்தே நழுவிவிடுகிறாய். பேச்சு உன் காலுக்குப் பக்கத்தில் வந்தால் மட்டும் "சிக்னல் சரியில்லப்பா" என்கிறாய். காகிதத்தில் அந்தத் தொந்தரவு கிடையாது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன லீவுக்கு வந்தபோது வீட்டுக்குள்ளேயே முழங்கால் வரை சாக்ஸ் போட்டுக்கொண்டு திரிந்தாய். சுவர் கொதிக்கிற வெயில். அம்மா கேட்டதற்கு, "இப்ப ஓடுறவங்க எல்லாரும் இப்படித்தாம்மா போடுறாங்க" என்றாய். அவள் நம்பினாள். நம்பினாளா, நம்பியது போல இருந்தாளா என்பது வேறு விசாரணை.

நான் பழைய இன்ஜின் வாங்கி விற்றுப் பிழைக்கிறவன். உடம்பெல்லாம் துருவும் எண்ணெய்ப் பிசுக்குமாக இருக்கிற இன்ஜினில் ஒரே ஓர் இடம் மட்டும் புதுப் பெயிண்ட் அடித்துப் பளபளத்தால் என் கை தானாக அங்கேதான் போகும். சுரண்டினால் ஓட்டை அடைக்கிற பட்டி வரும். பட்டிக்கு அடியில் விரிசல் இருக்கும். உனக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம் கடையில் எந்த இன்ஜினை வெளியே வைத்தாலும், அதில் எங்கே குறை இருக்கிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுத்தான் வைப்போம். வாங்க வருகிறவன் கேட்பதற்கு முன் நாமே காட்டிவிட வேண்டும். சின்ன வயதில் அந்த வட்டம் போடுவது உன் வேலை. என் கண்ணுக்குத் தப்பியதுகூட உன் கண்ணுக்குத் தப்பாது. அந்தப் பெண்ணா இன்று சாக்ஸ் போட்டு மூடுகிறாள் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொன்று. நீ ஊருக்குப் போன பிறகு அம்மா உன் படுக்கையை உதறினாள். வலி மாத்திரையின் காலி அட்டை விழுந்தது. "தலைவலிக்குப் போட்டிருப்பா" என்று சொல்லிக்கொண்டே அவசரமாகக் குப்பையில் போட்டாள். அவ்வளவு அவசரம் எதற்கு?

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். உடைந்த காலோடு ஓடி முடித்தவனையும், தோள் கழன்ற பிறகும் மல்லுக்கட்டி ஜெயித்தவளையும் காட்டினார்கள். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. நானும் தட்டினேன், மறைக்கவில்லை. ஆனால் அடுத்த வருடம் அவர்கள் எங்கே, மாடி ஏறுகிறார்களா, சட்டை மாட்டக் கை தூக்க முடிகிறதா என்று அந்த வீடியோ சொல்லவே இல்லை. இன்ஜின் விற்கிற தரகனும் அப்படித்தான். ஓடுகிற வரை காட்டிவிட்டு, நிற்கிற நேரம் பார்த்து உன்னை டீ குடிக்கக் கூப்பிடுவான். நீ ஏன் எனக்கு இதை அனுப்பினாய்? என்னைப் பழக்கப்படுத்துகிறாயா?

எனக்குச் சந்தேகம் உனக்கு ஓட்டம் கற்றுக்கொடுக்கிற மாஸ்டர் மேல்தான். தேர்வு ஓட்டத்தில் நீ அணிக்குள் போனால் அவருக்குத்தான் பேர். அவர் உனக்கு ஊசி ஏதும் போட வைக்கிறாரா? கால் வலிக்கிறது என்றால் பல்லைக் கடித்துக்கொள் என்கிறாரா? பயப்படாமல் எழுது. நான் நாசூக்காகப் பேசத் தெரியாதவன் என்றாலும், அவரிடம் பேசும்போது உன் பேர் வராமல் பார்த்துக்கொள்வேன்.

உண்மையை மட்டும் எழுது. எழுத்து கோணலாக இருந்தால் பரவாயில்லை.

இப்படிக்கு,
அப்பா

*

வியாழக்கிழமை, கடையிலிருந்து

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

கடிதத்துக்குக் கடிதம் வரும் என்று பார்த்தேன். நீ போன் செய்து சண்டை போட்டாய். "எல்லாத்தையும் இன்ஜினாவேதான் பாப்பீங்களாப்பா? நான் என்ன செகண்ட்ஹேண்டா?" என்றாய். அம்மா பின்னால் நின்று சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது, கேட்ட கேள்வி ஒன்றுக்கும் நீ பதில் சொல்லவில்லை. இந்தச் சாமர்த்தியத்தோடு நீ கடையில் உட்கார்ந்திருந்தால் எனக்கு ஓய்வு கொடுத்திருப்பாய்.

நீ சொல்ல மாட்டாய் என்று தெரிந்ததால் மாஸ்டருக்கே போன் செய்தேன். கோபப்படாதே. "பொண்ணு எப்படி ஓடுது சார்?" என்று மட்டும்தான் கேட்டேன். மனிதர் உன்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். "இவ மாதிரி ஒருத்தி கெடைக்கறது கஷ்டங்க. கொஞ்ச நாளா எனக்கு முன்னாடியே கிரவுண்டுக்கு வந்துடறா. நான் போறப்ப வேர்த்து ஊத்த ஓடிக்கிட்டிருப்பா. நான் ஒண்ணும் சொல்லத் தேவையே இல்ல" என்றார். கால் எப்படி என்று கேட்டேன். "காலுக்கென்னங்க, குதிரைக் காலு" என்றார்.

ஒரு குறையும் சொல்லாமல் ஒருவன் ஒரு பொருளைப் புகழ்ந்தால் நான் பையைச் சுருட்டிக்கொண்டு கிளம்புகிறவன். இவரோ எந்தக் கேள்விக்கும் தயங்கவே இல்லை. கெட்டிக்காரராக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒன்றும் தெரியாதவராக இருக்க வேண்டும். எது என்று எனக்குப் பிடிபடவில்லை.

வீட்டிலும் நிலைமை சரியில்லை. உன் அம்மா என்னைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைக்கிறாள். இரண்டு வாரத்துக்கு முன் தன் அக்கா வீட்டுக்கு என்று போய்விட்டு வந்தாளே, அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டால், "இருக்கா, அவளுக்கென்ன" என்கிறாள். அக்கா வீட்டுக்குப் போய் வந்தவள் ஒரு வாரம் அக்கா புராணம் பாடாமல் இருந்ததாகச் சரித்திரமே கிடையாது. நான் அதையும் கேட்டுவிட்டேன். "உங்க யாவாரப் புத்திய வாசல்லயே கழட்டி வெச்சிட்டு வாங்க" என்று தட்டை நங்கென்று வைத்தாள். வைத்த தட்டில் சாப்பாட்டைக் காணோம்.

கடையில் மெக்கானிக்கிடம் பொதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். என்னோடு எத்தனையோ காலமாக இருக்கிறவன், உன்னைத் தோளில் தூக்கிச் சுமந்தவன். ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, "போன்ல கேட்டு என்னிக்கு மொதலாளி நாம சரக்கு வாங்கியிருக்கோம்?" என்றான். அத்தோடு அவன் வேலையைப் பார்க்கப் போய்விட்டான்.

இந்த வாரக் கடைசியில் நான் கடையில் இருக்க மாட்டேன். வெளியூரில் ஒரு பழைய ஜெனரேட்டர் விலைக்கு வருகிறதாம், பார்க்கப் போகிறேன். போன் எடுக்காவிட்டால் தேடாதே.

நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
அப்பா

*

செவ்வாய்க்கிழமை, வீட்டிலிருந்து

என் கண்ணான பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

ஜெனரேட்டர் எதுவும் இல்லை. நீ தங்கியிருக்கிற ஊருக்குத்தான் வந்தேன்.

பழைய இன்ஜின் பார்க்கப் போகும்போது நான் முதலில் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். வணக்கம் சொல்வதற்கு முன்பே இன்ஜின் மேல் கையை வைப்பேன். சூடாக இருந்தால் பேச்சே வேண்டாம், திரும்பிவிடலாம். நான் வருவதற்கு முன்பே அவன் ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறான் என்று அர்த்தம். சூடான இன்ஜின் யார் தொட்டாலும் ஸ்டார்ட் ஆகும். அதன் நோய் எல்லாம் ஆறிக் கிடக்கும்போதுதான் தெரியும். அதனால்தான் சொல்லாமல் கொள்ளாமல் விடிகாலையில் போய் நிற்பேன்.

"எனக்கு முன்னாடியே வந்து ஓடிக்கிட்டிருப்பா" என்று மாஸ்டர் சொன்னது பஸ்ஸில் வரும்போதெல்லாம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. லீவில் வீட்டிலும் அப்படித்தானே இருந்தாய். காலையில் காபியை மாடிக்கே கொண்டுவரச் சொல்வாய். வெயில் ஏறிய பிறகு துள்ளிக்கொண்டு இறங்குவாய். பெண் தூங்கட்டும் என்று நாங்கள் இருந்தோம்.

உன் விடுதிக்கு எதிரே ஒரு டீக்கடை இருக்கிறதே, அதற்குள் பெஞ்சில் உட்கார்ந்தேன். இன்னும் சரியாக வெளிச்சம் வரவில்லை. விடுதியின் வெளிப்படிக்கட்டில் மட்டும் விளக்கு எரிந்தது. கதவைத் திறந்துகொண்டு நீ வந்தாய். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தாய். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு காலை இறக்கி, இன்னொரு காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த படி. நடக்கப் பழகியபோதுகூட நீ அப்படி இறங்கியதில்லை. அப்போதே ஓட்டம்தான். குண்டு எறிகிற அந்தப் பெண், உன் அறைத்தோழி, உன் பையையும் தூக்கிக்கொண்டு முன்னால் போய், சாலையில் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள்.

கையில் இருந்த டீ ஆறிப்போனது. எழுந்து வந்து உன்னைத் தூக்கிக்கொள்ளத்தான் நினைத்தேன். வரவில்லை. முழுதாகப் பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். தொழில் புத்தி. உன் அம்மா சொன்னதைப் போல அதை வாசலில் கழற்றி வைக்க எனக்குத் தெரியவில்லை.

பிறகு மைதானத்து வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். முதலில் நொண்டினாய். அப்புறம் மெதுவாக ஓடினாய். ஒவ்வொரு சுற்றிலும் முகத்தைத் துடைப்பது போலக் கையைக் கொண்டுபோய்க் கடித்துக்கொண்டாய். மாஸ்டரின் வண்டி வந்து நிற்கும்போது நீ பறந்துகொண்டிருந்தாய். அந்த மனிதர் வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு, பிரசவ அறை வாசலில் நிற்கிற மாப்பிள்ளை மாதிரி உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், அவர் ஒரு நாளும் ஆறிய இன்ஜினைப் பார்த்ததே இல்லை. அவரைப் போய்த் தரகன் என்று நினைத்தேனே. அவர் ஏமாந்துகொண்டிருக்கிற பார்ட்டி. விற்கிறவள் நீ.

நீ ஓடிக்கொண்டிருந்தபோது உன் தோழி தண்ணீர் பிடிக்க வந்தாள். நான் யார் என்று சொன்னேன். அவ்வளவு பெரிய உருவம், குழாயடியில் உட்கார்ந்து அழுதுவிட்டது. "அங்கிள், எலும்புல கோடு விட்டிருக்கு. ஸ்கேன்ல தெரிஞ்சிடுச்சு. இதோட ரேஸ் ஓடினா ரெண்டா போயிடும், அப்புறம் நடக்கறதே பாக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டார். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. ஆன்ட்டிகிட்டயும்தான்" என்றாள். ஆன்ட்டி எப்போது வந்தாள் என்று கேட்டேன். "ஸ்கேன் எடுக்கறப்ப, ரெண்டு வாரம் முன்னாடி" என்றாள். அக்கா வீட்டு விவகாரம் அங்கே தெளிந்தது. அந்தப் பெண்ணைத் திட்டாதே. உன் பையோடு உன் பொய்யையும் சேர்த்து அவள்தான் சுமக்கிறாள்.

உன்னைப் பார்க்காமலே திரும்பினேன். பார்த்திருந்தால் அங்கேயே கத்தியிருப்பேன், மாஸ்டர் காதிலும் விழுந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் அவளே சொன்னாள். "உங்ககிட்ட சொன்னா ரேஸ நிறுத்திடுவீங்கன்னு கால்ல விழாத குறையா அழுதா. நானும் தாய்தானே, அவ ஆசையப் பாப்பேனா, எலும்பப் பாப்பேனா? கண்ண மூடினா மளுக்குன்னு சத்தம் கேக்குது. தூங்கியே நாளாச்சு" என்றாள். இத்தனை காலம் என்னோடு குடித்தனம் செய்தும் ஒரு பொய்யை ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

உன் மேலும் கோபம் இல்லை. நீ ஏன் மறைக்கிறாய் என்று தெரியாதவன் இல்லை நான். இந்த ஓட்டத்தை விட்டால் அடுத்தது எப்போதோ, அதற்குள் உன்னைவிடச் சின்னப் பெண்கள் வந்துவிடுவார்கள். எலும்பு கூடும், ஆனால் கூடிய பிறகு பழைய வேகம் வருமா என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். அது வந்தே தீரும் என்று நானும் பொய் சொல்லப்போவதில்லை. நஷ்டம் நஷ்டம்தான். ஆனால் இரண்டாகப் போன வார்ப்பு இரும்பை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அதை வைத்து யாரும் ஒன்றும் செய்ததில்லை, எடைக்குப் போடுவதைத் தவிர.

மாஸ்டரின் எண் என்னிடம் இருக்கிறது. இப்போதே சொல்லிவிடலாம். சொன்னால் இந்த ஓட்டம் நிற்கும். ஆனால் அடுத்த முறை நீ இன்னும் நன்றாக மறைப்பாய், அப்போது எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் எனக்குத் தெரியாது. அதனால் ஓட்டத்துக்கு முன்னால் வருகிற இந்தச் சனிக்கிழமை சாயங்காலம் வரை பொறுத்திருப்பேன். அதற்குள் நீயே அவரிடம் சொல். உறைக்குள் ஒரு சாக்பீஸ் துண்டு வைத்திருக்கிறேன், கடை மேஜையில் இருப்பதுதான். சாக்ஸைக் கழற்றிவிட்டு வலிக்கிற இடத்தில் வட்டம் போட்டுக்கொண்டு போய் அவர் முன்னால் நில். வேறு விளக்கம் தேவைப்படாது.

சனிக்கிழமை உன் போன் வராவிட்டால் நான் அவரைக் கூப்பிடுவேன். நீ அப்பாவோடு ஜென்மத்துக்கும் பேசாமல் போகலாம். போனால் போகட்டும். பேசாத மகள் இரண்டு காலில் நடந்து போவதைத் தூரத்தில் நின்று பார்த்துக்கொள்வேன். தூரத்தில் நின்று பார்க்க எனக்கு இப்போது பழகிவிட்டது.

ஓடினாலும் ஓடாவிட்டாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். அம்மா தனியாக எழுதுவாள். அந்தக் குண்டுப் பெண்ணை நான் கேட்டதாகச் சொல், அடுத்த லீவுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு வா.

படி இறங்கும்போது கைப்பிடியை விடாதே, கண்ணு.

அப்பா