தீர்ப்புவரை வளர்த்த தாடி

திருத்தணி
ஜூன் 8, ஞாயிறு

என் குண்டு நைனாவுக்கு அம்மா எழுதுவது.

நீ வளர்ந்து எலும்பும் தோலுமாக ஆன பிறகும் எனக்குக் குண்டுதான். கைக்குழந்தையில் உன்னைத் தூக்கி என் இடுப்பு ஒடிந்தது, வேறு பேர் வாயில் வராது.

நேற்று உன் நம்பருக்குப் போன் போட்டேன். ஒரு தெலுங்குப் பொம்பளை எடுத்து, "எவரு காவாலி?" என்று கேட்டாள். யார் வேண்டும் என்று நான் என்ன சொல்வேன்? வைத்துவிட்டேன். உன் நம்பரை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம், உன் தங்கச்சி மோனிகா சொன்னாள். இத்தனை நாள் சுவிட்ச் ஆஃப் என்றாவது சொல்லிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுவிட்டு வேலைக்குப் போவேன். இப்போது அதுவும் இல்லை. அதனால் மோனிகாவின் பழைய நோட்டில் தாள் கிழித்து எழுதுகிறேன். நான் அஞ்சாவது படித்தவள். தப்பு இருந்தால் சிரிக்காதே.

உன் தலைவர் கேசில் அடுத்த மாதம் தீர்ப்பாம். மந்திரியாக இருந்தபோது ஏரிகளைத் தூர்வாராமலே தூர்வாரினதாகப் பில் போட்டுச் சாப்பிட்டார் என்று பிடித்தார்களே, அதேதான். ஆபேல் அண்ணன் மெஸ்ஸில் மாவு அரைக்கிற எனக்குக் காது அடைத்துப்போகிறது. டி.வி.யில் நாலு பேர் கத்துகிறார்கள் என்றால், கீழே சாப்பிடுகிறவர்கள் அதற்கு மேல்.

"ஏழு வருஷம், எழுதி வெச்சிக்கோ."

"போய்யா. ஒரு நாள் உள்ள இருக்கமாட்டாரு. ஐகோர்ட்டு இன்னாத்துக்கு கீது?"

"சாட்சிங்க எல்லாம் பல்டி அடிச்சிட்டானுங்க. விடுதலைதான்."

ஆபேல் அண்ணன் கரண்டியால் தட்டைத் தட்டி, "தீர்ப்ப நீங்களே எழுதிட்டீங்க. ஜட்ஜய்யா வந்தா டிபன் துன்னுட்டுப் போவட்டும். இட்லி ஆறுது பாருங்க" என்றார்.

நான் அரைத்துக்கொண்டே கேட்பேன். விடுதலை என்று யாராவது சொன்னால் கை கொஞ்சம் வேகமாகப் போகும். ஏன் என்று உனக்குத் தெரியும். அவரைப் பிடித்துக்கொண்டு போன அன்றைக்கு நீ தாடி விட ஆரம்பித்தாய். அவர் ஜாமீனில் வந்தபோது, "இப்பவாச்சும் எடுறா, மூஞ்சியே தெரியல" என்றேன். "ஜாமீன்னா விடுதலை இல்லம்மா. கேசு ஜெயிக்கட்டும், மலைல மொட்ட போட்டு காவடி எடுக்கறேன்" என்றாய். மறுநாள் அவரை வரவேற்கக் கொடிக்கம்பம் நட்டீர்கள். இரும்புக் கம்பம் மேலே போகிற மின்சாரக் கம்பியில் பட்டது. தாடியோடுதான் உன்னை அனுப்பினோம்.

போனவர்கள் விட்டுப்போன வேண்டுதலை வீட்டில் ஒருவர் தீர்க்க வேண்டும். இங்கே அதுதானே வழக்கம். அவர் விடுதலை ஆனால் மொட்டைக்கு என் தலையைத்தான் கொடுப்பேன். அதனால் அவர் விடுதலை ஆகட்டும் என்று தினமும் மலையைப் பார்த்துக் கும்பிடுகிறேன். அவருக்காக இல்லை. நீ வீணாகப் போகவில்லை என்று ஒருவராவது சொல்ல வேண்டும், அதற்காக.

வேளைக்குச் சாப்பிடு என்று எழுத வந்தது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

உன் அம்மா
குப்பம்மாள்

*

திருத்தணி
ஜூன் 25, புதன்

தங்கமே,

மோனிகா என்னோடு பேசுவதில்லை. நான் கும்பிடுவதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா வேண்டிகினு கீற?"

"உங்கண்ணன் வேண்டுதல்தான்."

"அந்த ஆளு விடுதலை ஆவணும்னா? நம்ம வூட்டுப் பையன முழுங்கினவனுக்கு நீ கும்புடற. உனக்கு வெக்கமா இல்ல?"

அவள் டிபன் டப்பாவை மூடி நீட்டினேன். பதில் சொன்னால் அழுவாள், அப்புறம் கம்பெனி பஸ்ஸை விட்டுவிடுவாள். உன் சட்டையை இப்போதெல்லாம் அவள்தான் வீட்டில் போட்டுக்கொள்கிறாள். கேட்டால், துணி பழசாகிவிட்டது, அதனால்தான் என்கிறாள்.

உங்கள் கட்சியின் வார்டு செயலாளர் சடகோபன் வந்தார். துக்கத்துக்கு வந்து போன பிறகு இப்போதுதான் வாசல் தெரிந்திருக்கிறது. உன் போட்டோ ஒன்று கேட்டார், பேனருக்கு. "அக்கா, தலைவர் விடுதலை ஆனதும் நீங்க மொட்ட போடறத டி.வி.காரன் எல்லாம் எடுப்பான். தம்பி பேரு ஊரெல்லாம் பேசும்" என்றார். போட்டோவைக் கொடுத்தேன். தாடி இல்லாததைக் கொடுத்தேன். "தாடி வெச்சது இல்லியா?" என்று கேட்டார். இல்லை என்று பொய் சொல்லிவிட்டேன். அந்த முகத்தை எல்லாருக்கும் கொடுக்க மனசு வரவில்லை.

வேலை முடிந்து மலைக்குப் போய், மொட்டை போடுகிற இடத்தில் ஆறுமுகத்தைக் கேட்டேன். உனக்கு முதல் மொட்டை போட்டவர்தான். "ஜெயிலுன்னு தீர்ப்பு வந்துட்டா இந்த வேண்டுதல் இன்னா ஆவும்?" என்றேன்.

கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "முருகரு பேப்பர் படிக்கறதில்லம்மா. வேண்டிக்கினவன் மனசுல இன்னா இருந்துதோ அதத்தான் பாப்பாரு."

எனக்கு நிம்மதியாக இருந்தது. உன் மனசில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாதா? அவர் தப்பு செய்யாதவர் என்று நம்பினாய். நம்பினவன் வேண்டிக்கொண்டாய். அவ்வளவுதானே.

இங்கே வெயில் குறையவில்லை. சாயங்காலத்தில் கொஞ்சம் காற்று வருகிறது.

அம்மா

*

திருத்தணி
ஜூலை 10, வியாழன்

நைனா,

தீர்ப்பு வந்துவிட்டது.

மெஸ்ஸில் உட்கார இடம் இல்லை. ஆபேல் அண்ணன் பரிமாறுவதை நிறுத்திவிட்டார். குற்றம் நிரூபணம் என்று டி.வி.யில் சொன்னதும் பாதிப் பேர் கை தட்டினார்கள், பாதிப் பேர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள். மூன்று வருஷம் ஜெயில். ஆனால் மேல்கோர்ட்டுக்குப் போகிறவரை வெளியில் இருக்கலாம் என்று அந்த ஜட்ஜே சொல்லிவிட்டாராம். உடனே பஸ் ஸ்டாண்டில் பட்டாசு வெடித்தது.

"தண்டன குடுத்ததுக்கா வெடிக்கறானுங்க?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

"ஜெயிலுக்குப் போவலியே தாத்தா, அதுக்கு" என்றான் ஒருவன்.

அதுவரைக்கும் நான் அழவில்லை. பிறகு எந்தெந்த ஏரி என்று ஒவ்வொன்றாகப் படித்தார்கள். திருவாலங்காட்டுப் பக்கம் என்று வந்தது. நான் பிறந்த ஊர்ப் பேர் வந்தது. சட்னிக் கரண்டியை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து உன் மாமனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, நம்ம ஏரிய எப்ப தூர்வாரினாங்க?"

"எவன் வாரினான்? கருவேல முள்ளு ஆளு ஒசரத்துக்கு கீது. தூர்வாரியாச்சுன்னு போர்டு மட்டும் வெச்சிட்டுப் போனானுங்க. உனுக்குத் தெரியாதா? உன் பையனுக்குத் தெரியுமே."

"அவனுக்கு எப்படித் தெரியும்?"

"அந்த ஆள அரெஸ்ட் பண்றதுக்கு முன்னாடி, வெயில்ல இங்க வந்தானில்ல. ஏரிக்குள்ள நடந்து முள்ளு குத்தி நொண்டிகினு வந்தான். அந்த போர்டுகிட்டதான் ரெண்டு பேரும் குந்திகினு முள்ள எடுத்தோம். 'இன்னாடா ராஜேஷு, உங்க தலைவரு வாரின ஏரி எப்டி கீது?'ன்னு கேட்டேன்."

"அவன் இன்னா சொன்னான்?"

"சிரிச்சான், அவ்ளோதான்."

துரைக்கண்ணு அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. உனக்கும் தெரியும்.

காண்டிராக்ட் எடுத்தவன் ஏமாற்றியிருப்பான், தலைவருக்குத் தெரிந்திருக்காது என்று நீ நினைத்திருக்கலாம். மாமனோடு வாதாட வேண்டாம் என்று சிரித்திருக்கலாம். வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் உனக்காக இப்படிக் காரணம் தேடிக்கொண்டே வந்தேன். நீ சின்னதில் அடுத்த வீட்டுக் கண்ணாடியை உடைத்தபோதும் இப்படித்தான் தேடினேன்.

மோனிகாவிடம் சொல்லவில்லை. தீர்ப்பைக் கேட்டு அவள் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன். வந்ததும் செருப்பைக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மூணு வருஷந்தானாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

அம்மா

*

திருத்தணி
ஜூலை 28, திங்கள்

என் குண்டு,

சடகோபன் இன்றைக்கும் வந்தார். ஆடிக் கிருத்திகைக்கு வேன் பேசிவிட்டாராம். உன் படம் போட்ட பேனர் தயார். தலைவர் ஜெயிலுக்குப் போகாததே வெற்றியாம், அதனால் வேண்டுதல் பலித்துவிட்டதாம். நான் காவடி தூக்கி, மொட்டை போட வேண்டுமாம்.

"கேசு ஜெயிக்கலியேப்பா" என்றேன்.

"ஐகோர்ட்டுல ஜெயிச்சுடுவாருக்கா. அது முடிஞ்சாப்லதான்."

"அப்போ முடிஞ்சப்புறம் வா."

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "பெத்த பையன் வேண்டுதல், அத விட்டுட்டீங்கன்னா அவன் ஆத்மா சாந்தி அடையாதுக்கா. ஊரு உங்களத்தான் பேசும்."

மோனிகா உள்ளேயிருந்து வந்தாள். உன் சட்டைதான் போட்டிருந்தாள். "உங்க தலைவருக்கு உங்களவிட எங்கம்மா பெருசா? உங்க தலைல இவ்ளோ முடி கீதே. நீங்க போடுங்க மொட்ட" என்றாள்.

"நீ சும்மா இரு பாப்பா, பெரியவங்க பேசிகினு இருக்கோம்."

"ஏன், விடுதலை ஆவமாட்டாருன்னு பயமா? முடி போனா வராதா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது நைனா. நீ போன பிறகு இப்போதுதான். சடகோபன் எழுந்து போய்விட்டார். போகும்போது உன் போட்டோவைத் திருப்பிக் கேட்டேன். பேனர் கடையில் இருக்கிறதாம், அனுப்புகிறாராம். வராது.

அவரிடம் தைரியமாகப் பேசிவிட்டேன். அவர் போன பிறகு தலையை அவிழ்த்துச் சீவ உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. மேல்கோர்ட்டில் என்ன ஆகும் என்று ஊர் இன்னும் பேசுகிறது. ரத்து என்கிறார்கள், ஏழாகக் கூட்டுவார்கள் என்கிறார்கள். எனக்கு அதில் ஒன்றும் வேண்டாம். ஆறுமுகம் சொன்னதுதான் மண்டையில் நிற்கிறது, வேண்டிக்கொண்டவன் மனசில் இருந்ததைத்தான் சாமி பார்ப்பார் என்று. அந்த மனசைத் தெரியும் என்று எழுதினேனே, எனக்குத் தெரியவில்லை. உன் சட்டை அளவு தெரியும். நீ எந்தப் பக்கம் படுப்பாய் என்று தெரியும். இது தெரியவில்லை.

நீ நம்பித்தான் வேண்டிக்கொண்டாய் என்றால், கோர்ட் என்ன சொன்னாலும் சரி, நான் தனியாக நடந்து மலை ஏறி, பேனரும் இல்லாமல் வேனும் இல்லாமல், என் பிள்ளையின் வெள்ளை மனசுக்காக இந்த முடியைக் கொடுத்துவிட்டு வருவேன். தெரிந்தே வேண்டிக்கொண்டாய் என்றால், அதைத் தீர்க்க மாட்டேன். ஆனாலும் நீ என் பிள்ளைதான். உனக்கு ஒரு வாய் சோறு குறைத்து வைத்திருப்பேன், திட்டியிருப்பேன், பிறகு நானே ஊட்டியிருப்பேன். எது என்று மட்டும் தெரிந்தால் போதும்.

தாடி வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாய், நானும் குழம்பு ஊற்றிக்கொண்டே இருந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல் விட்டேன். இப்போது கேட்கிறேன்.

முள் குத்தி அந்த போர்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபோது, அதில் எழுதியிருந்ததைப் படித்தாயா, நைனா?