பின்சக்கரக் குழாயில் ஒரு குறடு

அன்புள்ள யூஜின் அண்ணனுக்கு டோலி எழுதுவது. இன்று இரவு வரை நாங்கள் எல்லோரும் நலம், நாளைக்கு எப்படியோ தெரியாது. உன் நலத்தை நான் கேட்கப் போவதில்லை, சியாட்டிலில் நிம்மதியாகத்தான் தூங்கிக்கொண்டிருப்பாய். ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மாதான் உனக்கு எழுதுவாள், இதை அம்மாவுக்கும் தெரியாமல் ஊறுகாய் ஜாடி அடுக்கும் அறையில் உட்கார்ந்து நான் எழுதுகிறேன். மாடியில் அப்பா இருமும்போதெல்லாம் விளக்கை அணைக்கிறேன்.

சோளம் நன்றாக வந்திருக்கிறது, ரூத்திக்கு முன்பல் விழுந்துவிட்டது, அதையெல்லாம் அம்மா எழுதுவாள், நான் நேரே அப்பாவின் வண்டிக்கு வருகிறேன். போன மாதம் நீ வந்திருந்தபோது, பின்சக்கர பிரேக் சிலிண்டர் ஒழுகுகிறது என்று அப்பா புதிது வாங்கி வந்து உன் கையில் கொடுத்தார். துருப்பிடித்த நட்டு உனக்குக் கழலவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, உடனே பின்சக்கரங்களுக்கு பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாயைக் குறட்டால் நெரித்து, குறட்டைக் கம்பியால் கட்டிவிட்டு வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தாய். விளக்குப் பிடித்தவள் நான். "மூச்சு விடக் கூடாது டோலி" என்று பைபிள் மேல் என் கையை வைக்கச் சொன்னாய். அப்பாவிடம் போய், "எல்லாம் புதுசு மாட்டியாச்சுப்பா" என்றாய். அவரும் நம்பிவிட்டார். தீவனக் கடையில் யாரைப் பார்த்தாலும், "அம்பத்தொண்ணுல வாங்கின வண்டிய்யா, நாலு ஸ்பேனர் போதும், எம்பையன் கை வச்சா இன்னும் இருபது வருஷம் ஓடும்" என்று பீற்றிக்கொள்கிறார். உனக்கு வெட்கமாக இல்லையா? இந்த வண்டியில் நாலு சக்கரத்துக்கும் பிரேக் எண்ணெய் ஒரே வழிதான், ஓரிடத்தில் போனால் எல்லாம் போச்சு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதானே. திங்கட்கிழமை குனிந்து பார்த்தேன், குறடு கவ்விய இடத்தில் ரப்பர் விரிந்து எண்ணெய் சொட்டுகிறது. நாளைக்கு அம்மாவையும் ரூத்தியையும் ஏற்றிக்கொண்டு அப்பா சந்தைக்குப் போகிறார். வழியில் மில் சரிவின் அடியில் ரயில்பாதை இருப்பது உனக்கு மறந்துவிட்டதா?

அப்போதே சொல்லியிருக்கலாமே என்பாய். கார்பரேட்டருக்காக நீங்கள் இருவரும் போட்ட சண்டைக்குப் பிறகு இரண்டு கிறிஸ்துமஸுக்கு நீ வரவில்லை. இதையும் சொன்னால் அப்பா உன் பெயரையே எடுக்க மாட்டார். அந்தப் பயத்தில் வண்டியைக் கிளம்பவிடாமல் செய்தேன். பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் அந்தச் சின்ன ரோட்டரைக் கழற்றி என் காலுறைக்குள் ஒளித்தேன். அப்பா மூடியைத் திறந்ததுமே கண்டுபிடித்துவிட்டார், பக்கத்துப் பண்ணை எல்மர் வீட்டுப் பையன்தான் திருடன் என்று போய்க் கத்தினார். எல்மர் விடுவாரா, "ஒன் தகர டப்பாவைத் திருட எவனுக்குய்யா கிறுக்குப் புடிச்சிருக்கு" என்றார். அம்மா, "பேசாம ஒரு குதிரைய வாங்கிடுங்க" என்று சிரித்தாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

இன்று சாயங்காலம் எல்மரே ஒரு ரோட்டரோடு வந்து நின்றார். "கோழிக்கூட்டுக்குப் பின்னால கெடக்குற வண்டியில கழட்டினேன், ஒன் வண்டிக்கு அண்ணந்தம்பிதான், மாட்டிப் பாரு" என்றார். முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்துவிட்டது. இருவரும் தோளில் தட்டிக்கொண்டார்கள்.

நீ போன் செய்து உண்மையைச் சொல் என்று கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். இந்தக் கடிதம் உன்னிடம் வருவதற்குள் வண்டி சரிவில் இறங்கிவிடும் என்பது இப்போதுதான் உறைக்கிறது. அதனால் விடிந்ததும் அப்பா சாவியை எடுப்பதற்கு முன் நானே சொல்லப் போகிறேன். திட்டோ அடியோ, எனக்கு விழட்டும். நீ இதைப் பிரிக்கும்போது அவர் போனில் கத்தி முடித்திருப்பார், நீ பாதியிலேயே வைத்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியும். மரியாதையாக நீயே திரும்பக் கூப்பிடு.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும் என்று அம்மா எழுதுவாளே, அதையும் சேர்த்துக்கொள். குளிரில் கம்பளித் தொப்பி போட்டுக்கொள்.

இன்னும் கோபமாகவே இருக்கும் உன் தங்கை,
டோலி